தராசில் வைக்காத முடி

என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களைக் கேட்கிறேன். உங்கள் தலையில் முதன்முதலாகச் சவரக்கத்தி பட்ட நாள் உங்களில் ஒருவருக்காவது நினைவிருக்கிறதா? இருக்க வழியில்லை. முஸ்லிம் பிள்ளைகளான நமக்கெல்லாம் பிறந்த ஏழாம் நாளே முடியை இறக்கிவிட்டார்கள். ஒஸ்தா மாமா தன் தகரப் பெட்டியோடு வருவார். பிள்ளையைப் பாயில் கிடத்தித் தலையை நனைத்து வழித்துவிட்டு, தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போவார். இறங்கிய முடியை ஒரு துணியில் முடிந்து தட்டாரிடம் கொண்டுபோய் நிறுத்து, அந்த எடைக்கு வெள்ளியோ அதன் பெறுமதியோ ஏழை ஒருவருக்குக் கொடுப்பார்கள். வசதியுள்ள வீடுகளில் ஆடும் அறுப்பார்கள். இவ்வளவும் நம்மை வைத்துத்தான் நடந்தது. நாம்தான் எதையும் பார்க்கவில்லை.

நான் பார்த்தது இன்னொரு பிள்ளையின் முடி இறக்கத்தை. அதுவும் அடுத்த வளவுத் தமிழ்ப் பிள்ளையின் முடி இறக்கத்தை. பார்த்து வயிறெரிந்து போனேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த எரிச்சலின் சூடு முழுதாகத் தணியவில்லை என்பதை இதை எழுத உட்கார்ந்தபோதுதான் அறிந்தேன்.

எதையும் நாள் கிழமையோடு குறித்து வைக்கும் பழக்கம் எனக்குப் பின்னாளில் வந்தது. இந்தச் சம்பவத்துக்கு மட்டும் தேதி பிடிபடவில்லை. நாலு பக்கத்தாலும் அணைகட்டிப் பார்க்கிறேன். தட்டுப்பாட்டில் பேக்கரிப் பாணுக்கு விடியப்புறம் வரிசையில் நின்ற காலம் அது. நான் மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விடுமுறை. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பாயில் காயப்போட்ட நெல்லின் தூசு அடுத்த வளவுக்குப் பறக்கிறது என்று உம்மா வேலிக்குக் குறுக்கே பழைய சேலையைக் கட்டியிருந்தார். சிறுபோக வெள்ளாமை வெட்டி முடிந்திருந்தது. ஆகவே ஆவணி. அதற்கு மேல் நெருங்க முடியவில்லை.

வாப்பாவுக்கு வயலும் ஒரு உழவு மெசினும் இருந்தன. மெசின் என்று நாம் சொல்வது டிராக்டரைத்தான். எங்கள் வளவுக்கும் கடலுக்கும் நடுவே கடற்றொழில் செய்யும் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. புருஷனை நான் அண்ணன் என்பேன், பெண்சாதியை அக்கா என்பேன். கலியாணம் முடித்து நெடுநாள் பிள்ளையில்லாமல் இருந்து, ஒரு மார்கழி வெள்ளத்தில் அக்காவுக்கு நோவு கண்டது. றோட்டில் இடுப்பளவு தண்ணீர். வாப்பாதான் மெசின் பெட்டியில் வைக்கோலைப் பரப்பி, அக்காவை ஏற்றி, குடை பிடிக்க அண்ணனையும் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பிறந்தவன் ஆண். அவன் தலைமுடியை முருகனுக்கு நேர்ந்து, மூன்றாம் வயதில் இறக்குவதாக வைத்துக்கொண்டார்கள்.

நான் சொல்லும் ஆவணியில் அவனுக்கு முடி தோளைத் தொட்டுவிட்டது. சுருள் முடி, நல்ல கறுப்பு. அக்கா நல்லெண்ணெய் வைத்து உச்சியில் குடுமி கட்டி, வண்ணத்திப்பூச்சி வடிவில் ஒரு சிவப்புக் கிளிப்பும் குத்திவிடுவார். அப்படி ஒரு கிளிப் கல்முனைக் கடைத்தெருவில் கண்ணாடி அலுமாரிக்குள் கிடந்ததை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். எனக்குக் கறுப்பு நாடாதான். ஆம்பிளைப் பிள்ளைக்கு வண்ணத்திப்பூச்சி, பொம்பிளைப் பிள்ளைக்கு நாடா. உலகம் தலைகீழாக இருந்தது.

அதையும் பொறுத்திருப்பேன். பின்னேரத்தில் மெசின் சத்தம் கேட்டதும் அவன் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வருவான். வாப்பா கால் கழுவிவிட்டு முற்றத்துச் சாய்மனைக் கதிரையில் சாய்ந்ததும், கேட்காமல் கொள்ளாமல் மடியில் ஏறிவிடுவான். "மாமா" என்பான். வாப்பாவின் சட்டைப் பையில் தோடம்பழ இனிப்பு இருக்கும். முன்பு அது முழுக்க எனக்கு. இப்போது அவன் கைவிட்டு எடுத்தது போக மிச்சம் எனக்கு. டீசலும் வைக்கோலும் வியர்வையும் கலந்து மணக்கும் அந்த மடியில் நான் கடைசியாக எப்போது இருந்தேன் என்று யோசித்துப் பார்ப்பேன். ஞாபகம் வராது. பொம்பிளைப் பிள்ளை வளர்ந்துவிட்டால் மடியில் ஏறுவதில்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மடிதான் மெல்ல மெல்ல எட்டாமல் போனது.

நான் ஒரே பிள்ளை. எனக்கு முன்னால் இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை என்று தெரியும். அதற்கு மேல் அந்தப் பேச்சு வீட்டில் வராது. உம்மா அந்தப் பேச்சு வரும் இடத்தில் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

ஒரு நாள் பின்னேரம் அண்ணனும் அக்காவும் வேலிப் பொட்டால் வராமல் படலையைத் திறந்து முன்வாசலால் வந்தார்கள். கையில் வெற்றிலைத் தட்டு. அண்ணன் சட்டை போட்டிருந்தார். அவர் சட்டை போட்டால் ஏதோ விசேஷம்.

"காக்கா, ஒரு காரியம் கேக்க வந்திரிக்கம்" என்றார் அண்ணன். மூத்த சகோதரரை எங்கள் ஆட்கள் காக்கா என்போம்; அவரும் வாப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்.

"கேளுங்க தம்பி. மெசின் வேணுமா?"

"மெசின் வேணாம் காக்கா. ஒங்கட மடி வேணும்" என்றார் அக்கா. சொல்லிவிட்டு அவரே வாயைப் பொத்திச் சிரித்தார்.

விஷயம் இதுதான். அவர்கள் வழக்கத்தில் முடி இறக்கும்போது தாயின் உடன்பிறந்தவன் பிள்ளையை மடியில் வைத்திருக்க வேண்டும். அக்காவுக்கு ஒரே ஒரு தமையன். தங்கச்சி தன் விருப்பத்துக்குக் கலியாணம் முடித்தாள் என்று கோபித்துத் திருகோணமலைப் பக்கம் போனவர் போனவர்தான். ஆள் அனுப்பியும் வரவில்லை.

"கூடப்பொறந்தவன் வரமாட்டான். வெள்ளத்தில என்னத் தூக்கிக்கிட்டுப் போனது நீங்க. புள்ள மாமா எண்டு கூப்பிடுறதும் ஒங்களத்தான்" என்றார் அக்கா. சிரிப்பு போய்விட்டது. கண் கலங்கியிருந்தது.

உள்ளே உம்மா உரலில் மா இடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நின்றது.

வாப்பா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "பள்ளிவாசல் லெப்பையிட ஒரு சொல்லுக் கேட்டுட்டுச் சொல்றன் தங்கச்சி" என்றார். ஆனால் முகத்தில் பதில் ஏற்கெனவே வந்துவிட்டதை நான் பார்த்தேன்.

அவர்கள் போனதும் உம்மா வெளியே வந்தார். கையெல்லாம் மா.

"மடி கேக்கிற அளவுக்கு வந்திட்டா."

"தங்கச்சி மாதிரித்தானே புள்ள." உம்மாவை வாப்பா புள்ள என்றுதான் கூப்பிடுவார்.

"மாதிரி. ஒங்களுக்குக் கூடப்பொறந்த தங்கச்சிமார் இரிக்காங்க. அவங்கட புள்ளைய ஒரு நாளாவது தூக்கி இரிக்கீங்களா?"

"இவன் தானா வந்து ஏறுறான். நான் என்ன செய்ய?"

"ஏறத்தான் செய்வான். எறக்கத்தான் ஒங்களுக்குக் கை வராது."

உம்மா அடுப்படிக்குத் திரும்பும்போது, "இதெல்லாம் மார்க்கத்துக்குச் சரிவருமா எண்டு நல்லாக் கேட்டுட்டு வாங்க" என்றார்.

அந்தக் கடைசி வசனம் மட்டும் ஊருக்குள் போனது. உம்மா மார்க்கத்தில் எவ்வளவு உறுதியானவர் என்று பெண்கள் மெச்சிக்கொண்டார்கள். பிற்காலத்திலும் சொல்லியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். என் சொந்தப் பிள்ளைகளைப் பெற்ற பிறகுதான் அந்தப் பின்னேரத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இரண்டு ஆண்பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவர், ஆண்பிள்ளை பெற்ற ஒருத்தி வந்து தன் புருஷனின் மடியை இரவல் கேட்பதை உள்ளிருந்து கேட்டிருக்கிறார். அதில் மார்க்கம் கடைசியாக வந்து சேர்ந்தது. அந்த வீட்டில் நான் மட்டும் வயிறெரியவில்லை; நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து தனித்தனியாக எரிந்துகொண்டிருந்தோம்.

லெப்பை என்ன சொன்னார் என்பதை வாப்பா மறுநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். "கோயில் வாசல்ல போய் இரிக்க ஏலா. பூசையில சேர ஏலா. அயல்வீட்டுப் புள்ள பயப்படாம இரிக்க முற்றத்தில மடியில வெச்சிக்கிறதுக்கு நான் என்னத்தச் சொல்ற? கத்தி வாற நேரம் ரெண்டு காலயும் நல்லாப் புடிச்சிக்கங்க. ஒதைப்பான்."

ஆகவே ஏற்பாடு இப்படியானது. முடியை அவர்கள் முற்றத்தில் இறக்குவது. குளிப்பாட்டிச் சந்தனம் பூசி, இறக்கிய முடியையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்கு அவர்கள் மட்டும் போவது. அக்கா சந்தோஷத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு கூடை நெத்தலிக் கருவாடு கொடுத்தனுப்பினார். உம்மா அதை வாங்கி, கூடையை மட்டும் கழுவித் திருப்பிக் கொடுத்தார். வெறும் கூடையைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் அதற்கு முன் இருக்கவில்லை.

எனக்கு ஒரே யோசனை. எனக்கும் முடி இறக்கியிருப்பார்களே. அப்போது என்ன நடந்தது? உம்மா எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டிருந்த நேரம் கேட்டேன்.

"உம்மா, எண்ட முடி எறக்கக்குள்ள வாப்பா என்ன மடியில வெச்சிருந்தாரா?"

"ஏழு நாள் புள்ளைய ஆரு மடியில வைக்கிற? பாயில கிடத்தி எறக்கின."

"வாப்பா பக்கத்தில இருந்தாரா?"

சீப்பு நின்றது. "வாப்பா வயல் களவெட்டியில. நெல்லுச் சூடடிப்பு."

"முடிய நிறுத்தாங்களா?"

"தலைய ஆட்டாம இரி."

"நிறுத்தாங்களா உம்மா?"

"பொட்டப் புள்ளட முடியத் தூக்கிக்கிட்டுத் தட்டார்ட ஓடுறதுக்கு ஒண்ட வாப்பாக்கு நேரம் கிடைச்சிருந்தா நிறுத்திருப்பாரு."

"அப்ப முடி எங்க?"

"வாழையடியில தாட்ட."

பின்னலை இழுத்துக் கட்டிய இழுப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. இழுப்பினால்தான் என்று சொல்லிக்கொண்டேன். வாழையடியில் போய்ப் பார்த்தேன். அந்த மரம் எத்தனையோ தரம் குலை தள்ளி, வெட்டி, குட்டி வைத்து இடம் மாறியிருந்தது. எந்த இடத்தில் புதைத்தார்கள் என்று சொல்லவும் ஆளில்லை.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வாப்பா இனிப்பு நீட்டினால் வாங்க மாட்டேன். இரண்டு நாள் பார்த்துவிட்டு வாப்பாவின் தங்கச்சியான மாமியை அழைத்தார்கள். மாமி வந்து என் கீழிமையை இழுத்துப் பார்த்து, கண்ணூறு என்று தீர்ப்புச் சொன்னார். செத்தல் மிளகாயைச் சுற்றி நெருப்பில் போட்டார்கள். கச்சான் காற்று புகையை அப்படியே கடல் பக்கம் அள்ளிக்கொண்டு போனது.

"பாத்தயா, நெடியே வரல்ல. பொல்லாத கண்ணூறு" என்றார் மாமி.

வேலிக்கு அங்கால் அக்காவும் மகனும் நெடுநேரம் தும்மிக்கொண்டிருந்தது எங்களுக்குக் கேட்டது. மாமி அதைக் கணக்கில் எடுக்கவில்லை. லெப்பை ஓதிய தண்ணீரையும் குடித்தேன். "வெளையாட்டில எங்கயோ பயந்திட்டா" என்று வாப்பா முடிவுசெய்தார். பிள்ளைக்குப் பசிக்காத காரணத்தை எல்லாரும் எல்லா இடத்திலும் தேடினார்கள். பிள்ளையைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னால் சொல்லியிருக்க முடியாது.

அந்த நாள் விடிந்தது. வாப்பா பெருநாளுக்குப் போடும் வெள்ளைச் சாரத்தையும் சட்டையையும் போட்டார். உம்மா அதை முதல் நாளே கழுவிச் சிரட்டைக்கரி இஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்த்து வைத்திருந்தார். வாய் திறந்து ஒரு சொல் இல்லை; ஆனால் மடிப்புக் கலையாமல் தேய்த்திருந்தார்.

"நீயும் வாயன் புள்ள" என்று உம்மாவைக் கூப்பிட்டார் வாப்பா.

"எனக்கு நெல்லுக் காயுது."

வாப்பா போனார். நான் வேலிப் பொட்டால் போனேன்.

அவர்கள் முற்றத்தில் சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். நடுவே புதுப்பாய். வாப்பா சம்மணம் கட்டி உட்கார்ந்தார். அவனைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். முடி இறக்க வந்தவர் பித்தளைக் கிண்ணத்தில் பாலும் தண்ணீரும் கலந்து அவன் தலையில் தெளித்ததும் முகம் கோணியது. கத்தியைக் கண்டதும் அலறத் தொடங்கினான். லெப்பை சொன்னது போலவே உதைத்தான். வாப்பாவின் வெள்ளைச் சாரம் பாலும் மண்ணுமானது.

"மாமா, வேணாம் மாமா, வீட்ட போவம்."

"வீட்டதான்டா இரிக்க. இஞ்ச பாரு மாமாட மூஞ்ச. மாமாக்கும் இப்பிடித்தான் எறக்கின, பாரு, வளந்திட்டுத்தானே" என்று வாப்பா தன் வழுக்கையை அவனுக்குக் காட்டினார்.

"அதப் பாத்துத்தான் காக்கா அவன் இன்னும் பயப்புடுறான்" என்றார் அண்ணன். முற்றம் முழுக்கச் சிரித்தது.

சுருள் சுருளாக வாழையிலையில் விழுந்தது. கடைசியில் அவன் அழுது களைத்து வாப்பாவின் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். வெறும் தலை வெளிறி, நரம்பு தெரிய, புதிதாகப் பிறந்தது போல் இருந்தது. வாப்பா தன் உள்ளங்கையை அந்தத் தலையில் வைத்தார். வைத்தபடியே இருந்தார். காய்ப்புக் காய்ந்த பெரிய கை அது. அந்தத் தலை முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது. வாப்பாவின் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பயப்படுகிறவரைப் போல இருந்தார். அப்போது எனக்கு அது பாசமாகத்தான் பட்டது.

அவனைக் கிணற்றடிக்குத் தூக்கிப் போனார்கள். பெண்களெல்லாம் பின்னால் போனார்கள். ஆண்கள் வெற்றிலைத் தட்டைச் சுற்றினார்கள். வாப்பா குனிந்து வாழையிலையில் இருந்த முடி முழுவதையும் தன் கைலேஞ்சியில் கொட்டி, நாலு முனையையும் முடிந்தார். சட்டைப் பையில் வைத்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் படலைக்கு வெளியே வந்து சைக்கிளை எடுத்தார். நான் ஓடிப்போய்ப் பின்னால் ஏறிக்கொண்டேன்.

"எங்க வாப்பா?"

"ஒரு அலுவல்."

தட்டார் கடை சந்தைக்குக் கிட்ட. பிள்ளை பெற்ற வீட்டார் முடியோடு வருவது அவருக்குப் பழகிய காரியம். பெரிய மனிதர், மூக்குக் கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருந்தார். சின்ன மரப்பெட்டியைத் திறந்து, கொட்டைப்பாக்கு அளவுத் தட்டுகள் இரண்டு தொங்கும் தராசை எடுத்தார். அவிழ்த்த முடியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"ஏழு நாளில இவ்வளவு முடியா காக்கா?"

"ஏழு நாள் இல்ல. கொஞ்சம் சுணங்கிட்டுது."

"ஆர்ர புள்ள?"

வாப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார். "நம்மட புள்ளதான்."

முடி தட்டில் அடங்காமல் வழிந்தது. தட்டார் பகுதி பகுதியாக நிறுத்தார். ஒவ்வொரு தரமும் வாப்பா பிஸ்மி சொன்னார். மற்றத் தட்டில் வெள்ளித் துண்டுகள் ஏறின. முள் நடுங்கி நடுங்கி நடுவில் நின்றது. நான் மேசை விளிம்பில் நாடியை வைத்து அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பின்னல் இரண்டும் முதுகில் கனத்தன. வாப்பா அந்த வெள்ளியை வாங்கிப் பள்ளிவாசல் படியில் இருந்த கண் தெரியாத கிழவரின் கையில் வைத்தார். திரும்பி வரும்போது சைக்கிளில் மெல்லிதாகப் பாடினார். நான் அவர் சட்டையைப் பிடிக்காமல் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அங்கே முற்றம் கலங்கிக் கிடந்தது. பிள்ளை சந்தனத் தலையோடு பட்டு உடுத்துத் தயார். கோயிலுக்குப் போகும் நேரம். வாழையிலையில் முடி இல்லை. காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது என்று ஒருவர், கோழி கிளறியது என்று ஒருவர். வேலி ஓரத்தில் அண்ணனும் மற்றவர்களும் குனிந்து மண்ணை அளைந்துகொண்டிருந்தார்கள். அக்கா நடு முற்றத்தில் இருந்து அழுதார்.

"முருகனுக்கு எண்டு வளத்தது. மூணு வருஷம் ஒரு மயிர் வெட்டாம வளத்தது. இனி நான் எந்த மொகத்தோட போற?"

வாப்பா படலையில் அப்படியே நின்றார். பிறகு கைலேஞ்சியை எடுத்து நீட்டினார்.

"நான்தான் கொண்டு போன தங்கச்சி. நிறுக்க."

"என்னத்த நிறுக்க?"

"முடிய. மாமன் எண்டா நிறுத்துக் குடுக்கிறதும் நான்தானே எண்டு நினைச்சிட்டன். நம்மட ஆக்கள்ல அப்பிடித்தான். ஒங்கடதில அது இல்ல எண்டு எனக்குத் தெரியா."

அண்ணன்தான் முதலில் சிரித்தார். "முழுக்க இரிக்கா காக்கா? வழியில வித்துப்போட்டு வரல்லியே?"

"நிறுத்துக் கொண்டு வந்திரிக்கன் தம்பி. குறைஞ்சா தட்டாரப் புடிங்க."

அக்கா கைலேஞ்சியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அழுகையோடு சிரிப்பும் வந்தது. "எண்ட கூடப்பொறந்தவன் வந்திருந்தாலும் இவ்வளவு செஞ்சிருக்க மாட்டான்" என்றார். கைலேஞ்சியோடேயே முடியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள். வாப்பா வேலிக்கு இந்தப் பக்கம் திரும்பினார். உம்மா கட்டிவைத்த பழைய சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருந்தார்.

உள்ளே போகும்வரை உம்மா பொறுத்திருந்தார்.

"நிறுத்தீங்களாமே."

"பிழையா நடந்திட்டுது."

"பிழைய நான் கேக்கல்ல. நான் பெத்த புள்ளட முடி வாழையடியில கிடக்கு. எவளோ பெத்த புள்ளட முடியக் கைலேஞ்சியில முடிஞ்சு நெஞ்சில வெச்சுக் கொண்டு போனீங்களே. இவ பொட்ட எண்டுதானே? எட்டு வருஷமா வாயத் தொறக்கல்ல நான். இண்டைக்குச் சொல்லுங்க. பொட்ட எண்டுதானே?"

உம்மா குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். நான் கதவடியில் நின்றேன். அவர்கள் இருவருக்கும் நான் தெரியவில்லை.

வாப்பா நெல் மூட்டையில் இருந்தார். பாலும் மண்ணும் காய்ந்த சாரத்தை நகத்தால் சுரண்டினார்.

"மூத்தவண்ட முடிய நான்தான் கொண்டு போன. என்ன மாதிரி சந்தோஷமாப் போன தெரியுமா? நாப்பது நாளுக்குள்ள மௌத்தாயிட்டான். ரெண்டாவது ஆள்ர முடியயும் இந்தக் கையாலதான் தராசில வெச்ச. அவனும் போயிட்டான். மூணாவதா இவ. ஒஸ்தா முடிய எண்ட கையில தந்தா நான் என்ன செய்வன்? எனக்குப் பயம் புள்ள. அண்டைக்குச் சூடடிப்பு ஒண்டும் இல்ல. வயல் வாடிக்குள்ள கவுந்து படுத்துக் கிடந்தன். மார்க்கத்தில இப்பிடிப் பயப்பட இடமில்ல எண்டு எனக்கும் தெரியும்."

"இத ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"என்னெண்டு சொல்ற? சொன்னாலும் பயம்."

உம்மா சுவரில் சாய்ந்தார். வேறு குரலில் கேட்டார். "அப்ப அந்தப் புள்ளட முடிய நிறுக்கக்குள்ள பயம் வரல்லியா?"

"அவன் எண்ட புள்ள இல்லத்தானே" என்றார் வாப்பா. "எண்ட புள்ளைகளுக்குத்தான் எண்ட கை ஆகாது."

அந்த வசனத்தை நான் எத்தனை தரம் உள்ளே ஓட்டிப் பார்த்திருப்பேன். அவன் எண்ட புள்ள இல்லத்தானே. தட்டார் கடையில் சொன்னது பொய். மடியும் இனிப்பும் மாமாவும் எல்லாம் சும்மா. நான் வென்றுவிட்டேன். அந்தத் துணிவில் கதவடியிலிருந்து உள்ளே போனேன். இரண்டு பின்னலையும் முன்னால் எடுத்து வாப்பாவிடம் நீட்டினேன்.

"எண்டதையும் நிறுங்க வாப்பா."

இருவரும் திடுக்கிட்டார்கள். வாப்பா என் பின்னல்களைக் கையில் வாங்கினார். அப்போதுதான் முதன்முதலாக அவற்றின் கனத்தைப் பார்ப்பவரைப் போலக் கையைச் சற்று உயர்த்தித் தாழ்த்தினார்.

"வெட்டினாத்தான் மகள் நிறுக்க ஏலும்."

"வெட்டுங்க."

அவர் உம்மாவைப் பார்த்தார். "கத்திரிக்கோல எடு புள்ள. நுனியில கொஞ்சம் எடுப்பம். இனி என்ன, வளந்திட்டாளே. ஒண்ட மனசும் ஆறட்டும்."

உம்மா எழுந்து வந்தார். கத்திரிக்கோல் எடுக்கத்தான் எழுந்தார் என்று நினைத்தேன். எட்டு வருஷம் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தது கைக்கு வந்துவிட்டது அல்லவா. ஆனால் அவர் அலுமாரிப் பக்கம் போகவில்லை. வாப்பாவின் கையிலிருந்து என் இரண்டு பின்னலையும் பிடுங்கினார். அவற்றை என் உச்சியில் சுற்றி, தன் முந்தானையால் தலையை மூடி, மேலே கையையும் வைத்து அழுத்திக்கொண்டார்.

"வேணாம்" என்றார். "இவளுக்கு நிறுக்க வேணாம். இப்பிடியே இரிக்கட்டும்."

"நீதானே புள்ள இவ்வளவு நேரமும்..."

"நான் சொன்னது சொன்னதுதான். இப்ப வேணாம்."

முந்தானைக்குள் ஒன்றும் தெரியவில்லை. அரிசி மா மணந்தது. நான் அழத் தொடங்கினேன். விட்டு விட்டு அல்ல, ஒரே மூச்சாக.

"பாவம், காக்காமார நினைச்சு அழுறா" என்று வாப்பா சொல்வது கேட்டது. அவர் குரலும் உடைந்திருந்தது.

அவர்களை நினைத்துத்தான் அழுதேன். அது சரி; ஆனால் இரக்கத்தில் அல்ல. அவர்கள் இருவரின் முடியையும் வாப்பா தன் கையாலேயே தராசில் வைத்திருக்கிறார்.